சைன் சார்பின் வீச்சும் பெரும மதிப்பும் ஒன்றா?

குகை மாணவி:
வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறேன். 5 − 3 சைன் 2அ என்னும் சார்பின் வீச்சையும் பெரும மதிப்பையும் காணுமாறு திருப்புதல் தேர்வில் கேட்டிருந்தார்கள். வீச்சு −3 என்றும், சைனின் பெரும மதிப்பு 1 என்பதால் சார்பின் பெரும மதிப்பு 5 − 3 = 2 என்றும் எழுதினேன்; இரண்டுக்கும் மதிப்பெண் கிடைக்கவில்லை. விடை 3, 8 என்கிறார்கள். சைன் உச்சத்தில் இருக்கும்போது சார்பும் உச்சத்தில் இருக்க வேண்டாமா? கோணத்தோடு இருக்கும் 2 கணக்கில் சேராதது ஏன் என்பதும் விளங்கவில்லை.

ஏற்காடு ஆசிரியர்:
நீங்கள் கண்ட 2 சரியான எண்தான். ஆனால் அது சிறும மதிப்பு. சைன் −1 முதல் 1 வரை மட்டுமே போய்வரும். அதை −3 ஆல் பெருக்கும்போது மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறிவிடுவதால், சைன் −1 ஆகும் இடத்தில்தான் 5 + 3 = 8 கிடைக்கிறது. அ = 135° என்று வைத்துப் பாருங்கள்; 2அ = 270° ஆகிவிடும். அந்த 2, ஒரு முழு அலைவை 360°-க்குப் பதிலாக 180°-க்குள் முடித்துவிடுகிறது. அதனால் அலை நெருக்கமாகுமே தவிர உயராது.

வீச்சு என்பது நடுக்கோட்டிலிருந்து உச்சம் வரை உள்ள தொலைவு, ஆகவே அது குறை எண்ணாக வராது. பஞ்சாங்கத்தில் உள்ள உதய, அஸ்தமன நேரங்களைக் கொண்டு ஆண்டு முழுவதற்குமான பகற்பொழுதை வரையச் சொல்வது என் வழக்கம்; சைன் வளைவுக்கு மிக நெருங்கிய வடிவம் வரும். சேலத்தில் ஜூன் 21-ஐ ஒட்டிப் பகல் ஏறத்தாழ 12 மணி 48 நிமிடம், டிசம்பர் 22-ஐ ஒட்டி 11 மணி 26 நிமிடம். உச்சம் பன்னிரண்டே முக்கால் மணிக்கும் சற்று மேல். வீச்சோ, வேறுபாடான 82 நிமிடத்தில் பாதி, அதாவது 41 நிமிடம்தான். லண்டனிலும் நடுக்கோடு பன்னிரண்டு மணியை ஒட்டியே இருக்கிறது, ஆனால் வீச்சு நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது.

சூரமங்கலம் மின்பணியாளர்:
தங்கைக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டு மின்சாரத்தில் நாம் சொல்லும் 230 வோல்ட் பயனுறு மதிப்பு (RMS), அதாவது அதே அளவு வெப்பத்தைத் தரும் மாறாத மின்னழுத்தத்தின் அளவு. அலையின் உச்சம் அதைப் போல √2 மடங்கு, ஏறத்தாழ 325 வோல்ட். நொடிக்கு 50 முறை +325-க்கும் −325-க்கும் இடையே போய்வரும் அந்த அலையின் நடுக்கோடு சுழி என்பதால், அங்கே வீச்சும் உச்சமும் ஒரே எண்ணாக அமைந்துவிடுகின்றன. பலருக்கும் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் வருவது இத்தகைய அலைகளிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

குகை மாணவி:
மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. அ-வின் மதிப்பு 0° முதல் 45° வரை மட்டும் என்று கொடுத்திருந்தால், அப்போதும் பெரும மதிப்பு 8 தானா?

ஏற்காடு ஆசிரியர்:
இல்லை. அப்போது 2அ 0° முதல் 90° வரை மட்டுமே செல்வதால் சைன் 0-இலிருந்து 1-க்கு ஏறுகிறது, சார்பு 5-இலிருந்து 2-க்கு இறங்குகிறது. பெரும மதிப்பு 5. இந்த 5, 2 ஆகியவற்றின் வேறுபாட்டில் பாதியான 1.5-ஐ வீச்சு என்று எழுதிவிடாதீர்கள். முழு அலைவும் அடங்காத இடைவெளியில் அந்தச் சூத்திரம் பொருந்தாது. வீச்சு 3 ஆகவே இருக்கும். எல்லை கொடுத்த கணக்குகளில் 2அ எங்கிருந்து எங்கே போகிறது என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு சைனின் மதிப்புக்குச் செல்லுங்கள்.