புதுப்பிப்பு: இலைத்துளை கடைசியில் தெரிந்துவிட்டது

எட்டாம் வகுப்புக்கு இலைத்துளையை (இலையில் காற்று போய்வரும் நுண்துளை) நுண்ணோக்கியில் காட்ட முடியவில்லை, இலையின் தோலை உரித்தாலே கிழிகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். ஊட்டி தாவரவியல் பூங்காவில் ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில் வழி கிடைத்தது. உரிக்கவே வேண்டாமாம்! இலையின் அடிப்புறத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, செல்லோடேப்பால் ஒற்றி எடுத்து சிலைடில் ஒட்டினால் போதும், அச்சு விழுந்துவிடுகிறது. நான் முதலில் எடுத்தது சொரசொரப்பான இலை, ஒரே குழப்பம். ரியோ என்ற அலங்காரச் செடியின் வழவழப்பான இலைக்கு மாறியதும், துளையின் இருபுறமும் இருக்கும் காப்புச் செல்கள் அவரைவிதை ஜோடி போலப் பளிச்சென்று தெரிந்தன.

நேற்று ஒரு பையன் கோயில் குளத்து அல்லி இலையோடு வந்தான். அடிப்புறத்தில் ஒன்றையும் காணோம். “திருப்பிப் போட்டுப் பாருடா” என்றேன். மிதக்கிற இலை ஆயிற்றே, துளையெல்லாம் மேல்பக்கம்தான்.