இழுப்பறைக்கு மேலே இருக்கும் அந்தச் சட்டம்: கலைச்சொல் உதவி தேவை

திருச்சி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மரவேலை பழகும் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று இழுப்பறைகள் கொண்ட தேக்குப் பெட்டகம் ஒன்றைக் கையால் செய்வதுதான் பாடம். உளி, இழைப்புளி, காடி, கீல் எல்லாவற்றுக்கும் பட்டறையிலேயே சொல் கிடைத்துவிட்டது. இரண்டு சட்டங்களில்தான் மாட்டிக்கொண்டேன்.

இழுப்பறையின் பக்கப்பலகை உட்கார்ந்து நகரும் சட்டம் ரன்னர். பக்கப்பலகையின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே பெட்டகத்துக்குள் பொருத்துவது கிக்கர். அறையைப் பாதிக்கு மேல் வெளியே இழுத்தால் முன்பக்கம் கனத்துத் தாழும், பின்பக்கம் எழும்பும். அப்படி எழும்பவிடாமல் மேலிருந்து பிடிப்பது கிக்கர். முதலாவதை 'ஓடுசட்டம்' என்றும் இரண்டாவதை 'உதைசட்டம்' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். சரியாக வருமா?

கும்பகோணம்

ஓடுசட்டம் வினைத்தொகை. ஓடிய சட்டம், ஓடுகின்ற சட்டம், ஓடும் சட்டம். ஓடுவது சட்டமா, அறையா? சட்டம் வைத்த இடத்தில் அசையாமல்தானே கிடக்கிறது! 'தாங்குசட்டம்' என்க. 'உதைசட்டம்' என்று அச்சிட்டால் பையன்கள் காலால் உதைத்து மூடப் பழகுவார்கள். அதற்கு 'கவிழ்தடை' பொருந்தும்.

கோவை

ஐயா, உங்கள் கணக்குப்படியே பார்த்தால் கவிழ்தடை என்பது கவிழ்ந்த தடை, கவிழ்கின்ற தடை, கவிழும் தடை. அறையோடு தடையும் சேர்ந்து கவிழ்கிறது. 'வேகத்தடை' போல 'கவிழ்வுத்தடை' என்றால் தப்பிக்கலாம்.

கும்பகோணம்

தம்பி, உண்கலத்தில் உண்பது கலமா? குடிநீரில் குடிப்பது நீரா? வினைத்தொகையில் பின்னால் நிற்கும் பெயர் எழுவாயாகத்தான் இருக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. இடம், கருவி, செயப்படுபொருள் எல்லாம் வரும்.

கோவை

வரும் என்றால் ஓடுசட்டமும் வரட்டுமே. விமான நிலையத்தின் ஓடுதளம் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை.

டொராண்டோ

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சட்டம் இருக்கட்டும், அதென்ன இழுப்பறை? யாழ்ப்பாணத்தில் எங்கட அம்மம்மா முதல் பேரப்பிள்ளை வரை எல்லாரும் சொல்லுவது லாச்சி. 'மேசை லாச்சிக்குள்ள திறப்பு (சாவி) கிடக்கு' என்றால் விளங்காத ஆள் அங்கே இல்லை. வாயில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் அறை கட்டுகிறீர்கள்?

மதுரை

அக்கா சொல்வதில் ஆழம் இருக்கிறது. முத்திரையிட்டுப் பூட்டி வைக்கும் இடம் என்ற பொருளில் இலச்சினை > இலாச்சினை > லாச்சி என்று வந்திருக்கும். அறுத்துப் பிரிக்கப்பட்டது அறை. அதனால்தான் அஞ்சறைப்பெட்டியின் குழிகளும் அறைகள். ஆக இரண்டும் தூய தமிழ்தான். அறு, அரி, அரம் என்று நீளும் இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன், முடிந்ததும் இங்கே இடுகிறேன்.

டொராண்டோ

தம்பி, எனக்காக வாதாடுவது சந்தோஷம். ஆனால் லாச்சி ஒல்லாந்தரிடமிருந்து, அதாவது டச்சுக்காரரிடமிருந்து வந்தது. அவர்கள் மொழியில் இழுப்பறை 'லா', சின்னதென்றால் 'லாச்சே'. சிங்களத்திலும் 'லாச்சுவ' என்றுதான் சொல்லுவினம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தவர்கள் நூற்றைம்பது வருசத்துக்குக் கொஞ்சம் குறைய இருந்துவிட்டுப் போனார்கள், லாச்சி மட்டும் போகவில்லை. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மேசையும் அலுமாரியும் போர்த்துக்கேயர் தந்தவை. காலத்தோடு பொருந்தி வரும் சொல்லை விலக்க வேண்டாம் என்று தொல்காப்பியமே சொல்கிறது: கடிசொல் இல்லைக் காலத்துப் படினே.

கும்பகோணம்

அந்த நூற்பாவை அவரவர் வசதிக்கு வளைப்பது வழக்கமாகிவிட்டது. சரி, அது தனி வழக்கு.

காரைக்குடி

நான் பட்டறைக்காரன். மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று கேட்கலாமா? பாடம் மூன்று இழுப்பறைப் பெட்டகம் என்கிறீர்கள். முதல் அறைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரு சட்டம் போகும். அதன்மேல் முதல் அறை ஓடும். அதே சட்டத்தின் அடிப்பக்கம் இரண்டாவது அறையைக் கவிழாமல் பிடிக்கும். ஒரே மரம்தான். அதற்கு மேலே பார்த்தால் ஓடுசட்டம், கீழே பார்த்தால் கவிழ்வுத்தடையா? தனியாகக் கிக்கர் அடிக்க வேண்டியது மேல்பலகைக்குக் கீழே, முதல் அறைக்கு மட்டும்தான். எங்கள் பட்டறையில் மேல் ரீப்பர், கீழ் ரீப்பர். அறையைப் பொறுத்து மேல், கீழ். குழப்பமே வராது.

பெயரை விட அளவை அழுத்தி எழுதுங்கள். பக்கப்பலகைக்கும் மேல் ரீப்பருக்கும் இடையே இடைவெளி விட வேண்டும். வெயில் காலத்தில் செய்தால் அரை நூலாவது (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) விடுங்கள். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் உப்பும், ஆனாலும் மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் உப்பத்தான் செய்யும். இடைவெளி இல்லையென்றால் ஐப்பசியில் அறை இறுகிவிடும். அதற்காகத் தாராளமாக விட்டால் இழுக்கும்போது மூக்குக் குத்தும். பெட்டகத்தின் உள்ளகலம் பின்பக்கம் ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால் அறை உள்ளே போகப்போகச் சிக்கும். அடிப்பலகையின் ரேகை இடமிருந்து வலமாக ஓட வேண்டும். அப்போதுதான் உப்பினால் பின்பக்கமாக நீளும், பக்கப்பலகைகளை நெம்பாது. அதை முன்பக்கக் காடியில் மட்டும் வஜ்ஜிரம் தொட்டு ஒட்டுங்கள், பின்னால் நீள்துளை போட்டு ஒற்றைத் திருகாணி போதும். கடைசியில் ரீப்பர்மேல் மெழுகுவத்தியைத் தேய்த்தால் பத்து வயதுப் பிள்ளையும் ஒரு விரலால் தள்ளும்.

திருச்சி

அண்ணே, நீங்கள் முதல் நாளே வந்திருக்கலாம். ரீப்பரை மட்டும் சட்டமாக்கி, 'மேல்சட்டம்', 'கீழ்ச்சட்டம்' என்று போடுகிறேன். வேலையை விளக்கும் வரியில் 'கவிழாமல் தடுக்கும்' என்று எழுதிவிட்டால் தனிச்சொல் வேண்டியதில்லை.

கும்பகோணம்

மேற்சட்டம்.

கோவை

ஐயா, அல்வழியில் லகரம் இயல்பாகவும் நிற்கலாம், திரியவும் செய்யலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறதே.

கும்பகோணம்

அறைக்கு மேலுள்ள சட்டம் என்று விரிகிறது. இதில் அல்வழி எங்கே வந்தது? ஆனாலும் என் மறுப்பு சந்தியைப் பற்றியது அல்ல. மேல், கீழ் என்பவை இடத்தைச் சொல்கின்றன, தொழிலைச் சொல்லவில்லை. கலைச்சொல் தொழிலைச் சொல்ல வேண்டும். பெரும்பான்மை எப்படியோ போகட்டும், 'கவிழ்தடை'யை நான் விடுவதாக இல்லை.

திருச்சி

'மேல்சட்டம்' வேண்டும் என்று நான்கு பேர் தனிமடலில் எழுதிவிட்டார்கள் ஐயா. சொல்லடைவில் 'கவிழ்தடை' என்றும் காண்க என்று சேர்க்கிறேன். இழுப்பறை பக்கத்தில் லாச்சியும் இருக்கும், அக்கா.

அடுத்த அத்தியாயம் பக்கப்பலகையும் முன்பலகையும் சேரும் விசிறிப்பல் இணைப்பு. ஆங்கிலத்தில் டவ்டெயில் என்பதால் 'புறாவால்' என்று போட்டிருக்கிறேன்.

மதுரை

ஜெர்மானியருக்கு அது தகைவிலான் வால், ஸ்பானியருக்குப் பருந்து வால். ஆங்கிலேயனின் புறாவை நாம் ஏன் வளர்க்க வேண்டும்?

காரைக்குடி

வால் யாருடையதாக இருந்தாலும் சரி, சரிவை முதலில் சொல்லுங்கள். தேக்குக்கு எட்டுக்கு ஒன்று.