‘ஹவ்எவர்’ முன்னால் காற்புள்ளியா, அரைப்புள்ளியா?

வணக்கம். ஏற்காட்டில் காபித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். பிளஸ் டூ மாணவர்கள் சேலத்தில் வாங்கி வந்த கையேடு ஒன்று, ‘இட் ரெயின்ட் ஹெவிலி, ஹவ்எவர், வீ வென்ட் டு ஸ்கூல்’ என்று இருபுறமும் காற்புள்ளியிட்டு, அதையே சரியான விடையாக அச்சிட்டிருக்கிறது.

‘பட்’ இணைப்புச் சொல், ‘ஹவ்எவர்’ வினையடை. ஆகவே இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே அது வந்தால், முன்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இட்டு, பின்னால் காற்புள்ளி இட வேண்டும் என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரே வாக்கியத்தின் இடையில் செருகும்போதுதான் இருபுறமும் காற்புள்ளி. ‘ஹவ்எவர் ஹார்ட் யூ ட்ரை’ என, ‘எவ்வளவுதான்’ என்ற பொருளில் வரும்போது அதையடுத்துக் காற்புள்ளியே இல்லை. இதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

கையிலுள்ள அகராதிகளையும் இலக்கண நூல்களையும் புரட்டிவிட்டேன். அவை நான் சொல்வதையே சொல்கின்றன. சேலத்தில் மூத்த ஆசிரியர்களைக் கேட்டால், காற்புள்ளியும் இப்போது வழக்கில் வந்துவிட்டது என்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. அச்சிலிருப்பதை நம்பிப் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கக் கூடாது.

இரண்டு முழு வாக்கியங்களுக்கு இடையே ‘ஹவ்எவர்’ முன்னால் வெறும் காற்புள்ளியை ஏற்கும் இலக்கண நூல் ஏதேனும் உண்டா?