மே மாசம் முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேலம் ஃபீல்டு ஒர்க், போய்ட்டு வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

கோவைப்பொண்ணு
வணக்கமுங்க. எம்எஸ்ஸி பாட்டனி ரெண்டாவது வருஷம், ப்ராஜெக்ட்டுக்கு சீமைக்கருவேலம் எடுத்திருக்கேன். மே முதல் வாரத்துல இருந்து ஒரு 20 நாள் முதுகுளத்தூர், கமுதி பக்கம் கண்மாய்க்குள்ள போய் 10க்கு 10 மீட்டர் குவாட்ரட் (கயிறு கட்டி எண்ணுற சதுரக் கட்டம்) போடணும். மூணு கண்மாய் பாத்து வச்சிருக்கேன், ஒண்ணு ஜேசிபி விட்டு முழுசா அள்ளுனது, ஒண்ணு கரிக்கு வெட்ட வெட்ட திரும்பத் தழையுறது, இன்னொண்ணு யாரும் கையே வைக்காதது, மூணுலயும் மரத்துக்குக் கீழ புல்லு பூண்டு என்னென்ன இருக்குன்னு எண்ணி கம்பேர் பண்றதுதான் வேலை. கைடு "லீவுல முடிச்சுட்டு வந்துரும்மா"ன்னு ஈஸியா சொல்லிட்டாரு. கூட ஒரு ஃப்ரெண்டும் வர்றா, ரெண்டு பேருக்குமே அந்த ஊரு சுத்தமா தெரியாதுங்க. எங்க தங்கறது, யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும், என்னென்ன எடுத்துட்டு வரணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

முள்ளுக்காட்டு அக்கா
இதே மரத்தோட ரெண்டு கோடை மல்லுக்கட்டினவ நான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். தங்க பரமக்குடி பாரு, ட்ரெயின் நிக்கும், லாட்ஜ் இருக்கு, முதுகுளத்தூருக்கு பஸ் இருக்கு. காலைல அஞ்சரைக்கு கண்மாய்ல இருக்கணும், பத்து பத்தரைக்கு மூட்டை கட்டிடணும், அதுக்கு மேல அங்க இருந்தா டேட்டா ஷீட்ல நீ என்ன எழுதுறன்னு உனக்கே தெரியாது.

இந்த மரத்துக்கு ஒரே தண்டு கிடையாது, தரையில இருந்தே நாலு அஞ்சா கிளம்பும், வெட்டுன இடத்துல பத்து பதினஞ்சு கூட தழைஞ்சிருக்கும். நெஞ்சு உயரத்துல சுத்தளவு எடுக்கறேன்னு போகாதே, அடித்தண்டோட விட்டத்தை எடு, ஒவ்வொரு தண்டா எண்ணு. யாரும் கை வைக்காத கண்மாய்ல சதுரமா கயிறு இழுக்கவே முடியாது, நான் முதல் நாள் மூணு மணி நேரம் போராடி ஒரே ஒரு கட்டம் போட்டேன், கை முழுக்க கீறல். ஆடு போற தடத்துலயே நேர்கோடா டேப் விட்டு ட்ரான்செக்ட் எடுத்துக்கோ, எழுதறப்ப அதை மறைக்காம எழுதிடு.

செருப்பு போட்டு போகாதே, முள்ளு அதைத் துளைச்சுட்டு உள்ளங்கால்ல நிக்கும். தடிச்ச அடி வச்ச ஷூ, டிடி ஊசி, முள்வாங்கி. ஊக்கை வச்சு நோண்டினேன்னு வை, நுனி உள்ளயே ஒடிஞ்சு நின்னுடும், எனக்கு பதினோரு நாள் கால் வீங்கிக் கெடந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயம். மே மாசம் கண்மாய் காஞ்சு கிடக்கும், உள்ள நடக்க வசதி, மரம் பச்சையா இருக்கும், காயும் கிடைக்கும், மரத்தை எண்ண இதை விட நல்ல சீசன் கிடையாது. ஆனா நீ எண்ணப் போறேன்னு சொல்ற புல்லு பூண்டு எதுவும் அப்ப இருக்காதே! அதெல்லாம் ஐப்பசி கார்த்திகை மழைக்கு முளைச்சு பங்குனிக்குள்ள கருகிப் போயிடும். மே மாசம் போய் "கருவேலத்துக்கு அடியில ஒண்ணுமே முளைக்கல"ன்னு எழுதினா, அது மரம் செஞ்ச வேலையா வெயில் செஞ்ச வேலையான்னு வைவால ஒரு கேள்வி வரும் பாரு.

கமுதிக்காரன்
அக்கா சொன்னது அம்புட்டும் சரி. தங்கச்சி, வந்தவுடனே விஏஓ, பஞ்சாயத்து தலைவர் ரெண்டு பேரையும் பாத்து காலேஜ் லெட்டரைக் காட்டிரு. பெரிய கண்மாய்னா நீர்வளத்துறை, சின்னதுன்னா யூனியன் ஆபீஸ். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ரெண்டும் பறவைகள் சரணாலயம், அங்க ஃபாரஸ்ட்டுல எழுதி வாங்காம காலே வைக்காத. இதெல்லாம் செய்யாம டேப்பும் கையுமா நின்னா "ரோடு போட அளக்க வந்தீகளா, சோலாருக்கு எடம் பாக்க வந்தீகளா"ன்னு ஊரே கூடிரும், சனங்க மேல தப்பு சொல்ல முடியாது.

கரிமூட்டம் போடுறவககிட்ட பேசாம போயிராத. எந்தக் கண்மாய எந்த வருசம் வெட்டுனோம், எத்தனை வருசத்துல திரும்ப வெட்டுக்கு வந்துச்சுன்னு அவுக வாயிலதான் இருக்கு, எந்த ஆபீஸ் ஃபைல்லயும் இருக்காது. கவக்கம்பால முள்ளுக் கொப்பை ஒரு கையில அமுக்கிக்கிட்டு மறு கையில அருவாளைப் போடுறதை ஒருதரம் நின்னு பாரு. வெறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண்ணால மூடி நெருப்பு வைப்பாக, புகை வெள்ளையா வந்தா இன்னும் ஈரம் போகுதுன்னு அர்த்தம், மெலிசா நீலமா திரும்புனா வெந்துருச்சு. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு பாக்கணும், எங்கயாச்சும் மண்ணு விரிசல் விட்டுச்சுன்னா மொத்தமும் சாம்பல்தான்.

அப்புறம் பாம்பு. சுருட்டை விரியன் சருகுக்குள்ள கெடந்தா கண்ணுக்கே தெரியாது, வெட்டிப் போட்ட முள்ளுக் குமிக்குள்ள கைய விடாத.

சும்மா_ஒருத்தன்
இதுக்கு ஒரு ஆராய்ச்சியா? காமராஜர் காலத்துல கொண்டு வந்த சனியன், காத்துல இருக்க ஈரத்தைக் கூட உறிஞ்சிடும், எல்லாத்தையும் புடுங்கி எறிஞ்சா ராம்நாடு செழிச்சிடும்.

முள்ளுக்காட்டு அக்கா
தம்பி, 1877 வாக்குலயே ஜமைக்கா விதையைக் கொண்டு வந்து கடப்பா பக்கம் போட்டாச்சு, அப்ப காமராஜர் பொறக்கவே இல்ல. காத்து ஈரம் கதையும் வாட்ஸ்ஆப் சரக்கு, அது வேரை ஆழமா விட்டுத் தண்ணி எடுக்கற மரம். கெடுதல் இல்லன்னு நான் சொல்லல, மத்த செடியை அண்ட விடாது, கண்மாயை அடைச்சுடும். புடுங்குறதும் நீங்க நினைக்கற மாதிரி இல்ல. 2017ல மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவு போட்டு ஊர் ஊரா ஜேசிபி இறங்குச்சு, அதே வருஷம் சென்னையில இடைக்காலத் தடையும் வந்துச்சு. வேரோட எடுக்காம விட்டா தழையும், வேரோட எடுத்தாலும் மண்ணுல விதை இருக்கு, ஆடு மாடு காயைத் தின்னு போற இடமெல்லாம் புழுக்கையோட போட்டுட்டுப் போகும்.

கோவைப்பொண்ணு
அக்கா, புல்லு பூண்டு மேட்டர் படிச்சதும் பக்குனு ஆயிடுச்சுங்க. டிசம்பர்ல திரும்ப வர முடியாது, ஏப்ரல்லயே தீசிஸ் கொடுக்கணும், நவம்பர்ல இருந்து லேப். என்ன பண்றது?

முள்ளுக்காட்டு அக்கா
மண்ணை எடுத்துட்டுப் போ. ஒவ்வொரு பாயிண்ட்லயும் மேல் 5 சென்டிமீட்டர் மண்ணைச் சுரண்டி, பையில போட்டு, எந்தக் கண்மாய், எந்த இடம், மரத்துக்கு அடியா வெட்டவெளியான்னு பென்சில்ல எழுதி ஒரு சீட்டை உள்ள போடு, வேர்வையில பேனா மை கரைஞ்சிடும். கோயம்புத்தூர்ல நிழல்வலைக்குக் கீழ ட்ரேல பரப்பி டெய்லி தண்ணி ஊத்து, முளைக்கறதை எண்ணு. வெறும் மணல் போட்ட ட்ரே ரெண்டு பக்கத்துல வை, காத்துல வந்து விழற விதையைக் கண்டுபிடிக்க. நீ கேட்ட கேள்விக்கு மே மாசத்துல வர்ற நேர்மையான பதில் இதுதான். மரக்கணக்கை ஃபீல்டுல எடு, புல்லுக்கணக்கை ட்ரேல எடு.

இன்னொண்ணு, கண்மாய்க்குள்ள நாட்டுக்கருவேலமும் நிக்கும், சேத்து எண்ணிடாதே. நாட்டுக்கு பூ மஞ்சக் குண்டா பந்து மாதிரி, காய் மணி கோத்த மாதிரி இடை இடையே ஒடுங்கி இருக்கும். சீமைக்கு பூ பூனை வால் மாதிரி நீளமா தொங்கும், காய் வெளிர் மஞ்சளா, மென்னா இனிக்கும். சீமைக்கு புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரான்னு இருந்த சயின்ஸ் பேரை இப்ப நெல்டுமா ஜூலிஃப்ளோரான்னு மாத்தியிருக்காங்க, தீசிஸ்ல ரெண்டையும் போட்டுடு.

கோவைப்பொண்ணு
60 பை மண்ணு, ட்ரெயின்ல தூக்கிட்டு வரணுமுங்களா 😭 சரி, கைடுகிட்ட இன்னிக்கே பேசறேன். ரொம்ப தேங்க்ஸ்க்கா, அண்ணா உங்களுக்கும்.

கமுதிக்காரன்
மண்ணு மூட்டையை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நம்ம டிவிஎஸ் ஃபிஃப்டியில போட்டுக்கலாம், கவலைய விடு. வரும்போது தண்ணி கேன் பெருசா கொண்டா. மே மாசம்னா சாயல்குடி பக்கம் பதனி எறக்குவாக, காலைல மூட்டத்துக்கு வந்துட்டீகன்னா ஆளுக்கு ஒரு பட்டை ஊத்தச் சொல்றேன்.