சி.என்.சி.யில் சமன்செய்த ஃப்ரெட்டுகள்: மேசைமேல் சரியாக இருக்கின்றன, தந்தி ஏற்றினால் கரகரக்கின்றன. உதவி தேவை

மரச்சீவல் (கோயம்புத்தூர்)

வணக்கம். நான் கிதார் செய்வதைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். வீட்டுப் பட்டறையில் 600 × 900 மி.மீ. மேசை கொண்ட சி.என்.சி. ரௌட்டர் (கணினிக் கட்டளைப்படி வெட்டும் இயந்திரம்) ஒன்றை வைத்து மரவேலை செய்து வருகிறேன். இப்போது கையில் இருப்பது நான் செய்த மூன்றாவது நெக் (கிதாரின் கழுத்து): மேப்பிள் மரம், ஈட்டி மர விரல்பலகை, 648 மி.மீ. ஸ்கேல் (தந்தியின் அதிரும் நீளம்), 22 ஃப்ரெட்டுகள் (விரல்பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகள்), 305 மி.மீ. வளைவு ஆரம், நான்கு திருகுகளால் உடலோடு இணையும் அமைப்பு. ஃப்ரெட் பள்ளங்களை 0.6 மி.மீ. கட்டரால் வெட்டினேன். நட்டிலிருந்து (தலைப்பக்கத்தில் தந்திகள் அமரும் கட்டையிலிருந்து) முதல் ஃப்ரெட் 36.37 மி.மீ., பன்னிரண்டாவது ஃப்ரெட் 324 மி.மீ. என்று கணக்கும் அளவும் ஒத்துப்போகின்றன. சுருதியும் சரியாகவே நிற்கிறது. ஆகவே ஃப்ரெட்டுகள் இருக்கும் இடத்தில் பிழையில்லை. சிக்கல் அவற்றின் உயரத்தில்தான் இருக்கிறது.

ஃப்ரெட்டுகளை அடித்து இறக்கிய பின், நீளமான சமன்கட்டையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்ப்பதற்குப் பதிலாக, நெக்கை மேசையில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, உருண்டை முனை கொண்ட கார்பைடு பால்நோஸ் கட்டரால் 305 மி.மீ. ஆரத்திலேயே ஃப்ரெட்டுகளின் தலையை ஒரு பாஸுக்கு (ஓட்டத்துக்கு) 0.05 மி.மீ. வீதம் சீவினேன். முடிந்தவுடன் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலில், நுண்ணிய உயர வேறுபாட்டைக் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி எல்லா ஃப்ரெட்டுகளையும் அளந்தபோது, 22 ஃப்ரெட்டுகளுக்குள் இருந்த வேறுபாடு 0.02 மி.மீ.க்குள் அடங்கியது. ஆனால் உடலோடு பூட்டி, 10-46 தந்திகளை (தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 முதல் 46 பங்கு வரை) ஏற்றிச் சுருதி சேர்த்ததும், 10 முதல் 14 வரையுள்ள ஃப்ரெட்டுகளில் முதல் மூன்று தந்திகளும் கரகரக்கின்றன. 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தியை இழுத்துச் சுருதியை உயர்த்தினால் ஒலி பாதியிலேயே அடைத்துப்போகிறது. நெக்கைக் கழற்றி மீண்டும் ஒருமுறை அதே முறையில் சீவினேன். டயல் கேஜ் மீண்டும் 0.02 காட்டியது, கரகரப்பும் மீண்டும் அதே இடத்தில் வந்தது. 1.2 மி.மீ. இருந்த ஃப்ரெட் உயரம் இப்போது 1.0 மி.மீ. ஆகிவிட்டது, மூன்றாம் முறை சீவ மனம் வரவில்லை. இயந்திரத்தில் பேக்லாஷ் (அசைவுப் பாகங்களுக்கு இடையே தளர்ச்சி) இருக்குமோ, இசட் அச்சு (மேல்கீழாக நகரும் அச்சு) சாய்ந்திருக்குமோ என்று ஐயமாக இருக்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

புதுத்தந்தி

நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் ஓடும் ட்ரஸ் ராடைச் சற்றுத் தளர்த்தி நெக்கில் கூடுதலாக வளைவு கொடுத்துப் பாருங்கள். என் கிதாரில் கரகரப்பு அப்படித்தான் நின்றது.

ஆறுதந்தி (சென்னை, கிதார் பழுதுபார்ப்பவர்)

முதல் வேண்டுகோள்: இனி எதையும் சீவாதீர்கள். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

நண்பர் புதுத்தந்தி சொன்ன வழி 1 முதல் 7 வரையுள்ள ஃப்ரெட்டுகளில் கரகரப்பு இருந்தால் பொருந்தும். உங்கள் கரகரப்பு பத்துக்கு மேல் இருக்கிறது. திருகால் பூட்டும் நெக்கில் ட்ரஸ் ராட் பெரும்பாலும் நட்டுக்கும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கும் இடைப்பட்ட பகுதியைத்தான் வளைக்கும். உடலுக்குள் அமர்ந்திருக்கும் அடிப்பகுதியில் அதன் கை எட்டாது. அதைத் தளர்த்தினால் நடுப்பகுதி தாழ்ந்து, மேல் ஃப்ரெட்டுகள் ஒப்பீட்டளவில் இன்னும் உயர்ந்து, உங்கள் சிக்கல் கூடவே செய்யும்.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. தந்திகள் சுருதியில் இருக்கும்போது, முதல் தந்தியை 1-ஆம் ஃப்ரெட்டிலும் 17-ஆம் ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால் 7-ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் தந்திக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? 12-இல் அழுத்தும்போது தந்தி தட்டுவது அடுத்த ஃப்ரெட்டிலா, அல்லது நான்கைந்து ஃப்ரெட் தள்ளியா? மேசையில் நெக்கை எங்கெங்கே பிடித்தீர்கள்? உடலில் நெக் அமரும் குழியில் கோணத்துக்காக ஏதேனும் தகடு அல்லது அட்டை வைத்திருக்கிறீர்களா? கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம்.

கடைசல் (ஓசூர், இயந்திரப் பட்டறை)

கிதார் எனக்குத் தெரியாது. பிடிப்பதும் வெட்டுவதும் தெரியும். பேக்லாஷ் இருந்தால் உங்கள் டயல் கேஜ் இரண்டு முறையும் ஒரே அளவைக் காட்டியிருக்காது. பிழையும் ஒரே இடத்தில் திரும்ப வந்திருக்காது. ஒழுங்காகத் திரும்பி வருகிற பிழைக்கு இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் பொருளைப் பிடித்த முறையைப் பார்க்க வேண்டும்.

லேத்தில் மெல்லிய வளையம் ஒன்றை மூன்று தாடைச் சக்கில் (பிடிப்பியில்) இறுக்கி உட்புறத்தைக் கடைந்தால், சக்கில் இருக்கும்வரை துளை அப்பழுக்கற்ற வட்டமாக இருக்கும். தாடையைத் தளர்த்திய நொடியில் வளையம் தன் பழைய வடிவத்துக்கு மீள, துளை முக்கோணச் சாயலுக்குப் போய்விடும். முதல் ஆண்டுப் பயிற்சியாளர்கள் எல்லோரும் இதில் ஒருமுறை ஏமாறுவார்கள். உங்கள் 0.02 என்பது கிளாம்ப் இறுகியிருந்தபோது எடுத்த அளவு. கிளாம்பைத் தளர்த்திய பின், நெக்கைத் தொடாமல் மீண்டும் அளந்தீர்களா?

இன்னொன்று: உங்கள் மேசையின் மேற்பலகை எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஆக இருந்தால் அது ஈரத்தில் ஊதும். அன்றன்று ஒரு சீவு சீவிவிட்டுத்தான் நுண்ணளவு வேலையைத் தொடங்க வேண்டும்.

மரச்சீவல்

ஐயா இருவருக்கும் நன்றி. கேட்டவற்றை அளந்தேன்.

7-ஆம் ஃப்ரெட்டில் இடைவெளி 0.20 மி.மீ. தந்தி தட்டுவது 12-க்கு அடுத்த ஃப்ரெட்டில் அன்று, 18-க்கு அப்பால். மேசையில் நெக்கின் அடிப்பகுதியை இருபக்க ஒட்டுநாடாவும் இரண்டு கிளாம்ப்புகளும் கொண்டு பிடித்தேன். தலைப்பகுதியில் ஒரு கிளாம்ப். நடுவில் நெக்கின் முதுகுக்கேற்பக் குடைந்த ஒரு தாங்குகட்டை. தளர்த்திய பின் அளக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குழியில் தகடு இருக்கிறது. உடல்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை எவ்வளவு தாழ்த்தினாலும் தந்திகள் உயரமாகவே நின்றதால், குழியின் பிரிட்ஜ் பக்க விளிம்பில் 10 மி.மீ. அகலமும் 0.5 மி.மீ. தடிமனும் கொண்ட பித்தளைத் தகடு ஒன்றை வைத்து நெக்கைச் சற்றுப் பின்சாய்த்தேன். பல பழைய கிதார்களில் இப்படிப் பார்த்திருக்கிறேன்.

ஆறுதந்தி

நான் எதிர்பார்த்தது அந்தத் தகடுதான்.

குழியின் ஒரு முனையில் மட்டும் தகடு இருந்தால், நெக்கின் அடிப்பகுதி இரண்டு இடங்களில்தான் உடலைத் தொடுகிறது: தகட்டின் மேலும், குழியின் எதிர்விளிம்பிலும். நடுவே வெற்றிடம் இருக்கிறது. நான்கு திருகுகளையும் இறுக்கும்போது அவை நெக்கை அந்த வெற்றிடத்துக்குள் இழுக்கின்றன. மேப்பிள் கெட்டியான மரமாயினும் திருகின் இழுவைக்குப் பணிந்து, அதன் உடல்பக்க நுனி மேல்நோக்கி நிமிர்ந்து கொள்கிறது. 18-க்கு மேலுள்ள ஃப்ரெட்டுகள் இப்படி எழும்பி நிற்பதை நாங்கள் ஸ்கீ ஜம்ப் என்போம். பழைய கிதார்களில் தகடு இருந்தது உண்மை. அவற்றில் பலவற்றில் இந்த நிமிர்வும் இருப்பது உண்மை. ஓரிரு நாளில் தெரியாமல் சில ஆண்டுகளில் மரம் அந்த வளைவை நிரந்தரமாக ஏற்றுக்கொள்வதும் உண்டு. உங்கள் நெக் புதியது என்பதால் மீளும்.

இப்போது உங்கள் இயந்திரம் செய்ததை எண்ணிப் பாருங்கள். நெக்கைக் கழற்றி மேசையில் வைத்தவுடன் அந்த நிமிர்வு மறைந்துவிடுகிறது. இயந்திரம் தன் முன்னே இருக்கும் நேரான நெக்கைத் துல்லியமாக நேராக்கித் தருகிறது. நீங்கள் பூட்டுகிறீர்கள், நிமிர்வு திரும்ப வருகிறது. இப்படி நூறு முறை சீவினாலும் ஃப்ரெட்டுகள் தேய்ந்து தீருமே தவிர, கரகரப்பு தீராது.

இதனால்தான் இந்த வேலைக்கென்றே பெர்லினில் கெர்ட் ஆங்கே உருவாக்கிய ப்ளெக் இயந்திரம், தந்திகள் சுருதியில் முறுக்கேறி நிற்கும் முழுக் கிதாரை உள்ளே நிறுத்தி, ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஒவ்வொரு ஃப்ரெட்டும் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை முதலில் அளக்கிறது. பலர் அதன் வெட்டும் நுட்பத்தை வியக்கிறார்கள். என் கணிப்பில் அதன் சிறப்பு முழுவதும் அந்த அளவையில்தான் இருக்கிறது. வெட்டுவதற்கு உங்கள் ரௌட்டரே போதும். 10-46 தந்திகள் ஆறும் சேர்ந்து 45 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுப்பின்றி அளக்கப்பட்ட நெக் வேறு, வாசிக்கப்படும் நெக் வேறு. இந்த வேலைக்குக் கணினி வருமுன்பே அமெரிக்காவின் டான் எர்ல்வைன் இதற்கென ஒரு நெக் ஜிக் செய்தார்: சுருதியில் இருக்கும்போது நெக்கின் முதுகில் டயல் கேஜ்களைத் தொடவைத்துச் சுழியத்தில் நிறுத்தி, தந்திகளை எடுத்த பின் அதே சுழியம் திரும்பும்வரை நெக்கை இழுத்துப் பிடித்துச் சமன்செய்வது அதன் முறை. நம் ஊரில் வீணைக்கு மேளம் கட்டுபவரும் மெழுகின்மேல் 24 மெட்டுகளையும் தந்தியை மீட்டி மீட்டித்தானே அமர்த்துகிறார். தந்தியில்லாமல் ஒரு மெட்டைக்கூட அவர் வைப்பதில்லை.

ஆயினும் என் சொல்லை மட்டும் நம்பித் தகட்டைப் பிடுங்க வேண்டாம். 20 செ.மீ. நேர்விளிம்பு ஒன்றை 10 முதல் 22 வரை தந்திகளுக்கு இடையே நிறுத்தி, 15-ஆம் ஃப்ரெட்டின் கீழ் இடைவெளியை ஃபீலர் கேஜால் (வெவ்வேறு தடிமனுள்ள மெல்லிய அளவுத்தகடுகளால்) மூன்று நிலைகளில் அளந்து எழுதுங்கள்: சுருதியில் இருக்கும்போது, தந்திகளை எடுத்த பின், திருகுகளைத் தளர்த்திய பின்.

மரச்சீவல்

அளந்தேன். சுருதியில் 0.12 மி.மீ.; தந்திகளை எடுத்த பின் 0.10, நான்கு திருகுகளையும் ஒரு சுற்றுத் தளர்த்தியதும் 0.03. திருகைத் தளர்த்தும்போது நேர்விளிம்புக்குக் கீழிருந்த ஒளிக்கீற்று மெல்ல மெல்ல மூடிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு முறை வீணாகச் சீவியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடைசல்

அந்த 0.02 தந்தியின் பங்கு, 0.07 திருகின் பங்கு. எஞ்சிய 0.03 உங்கள் மேசைக் கிளாம்ப்பின் பங்காகத்தான் இருக்கும். பிடித்தபோது அழுந்தி, விட்டபோது எழுந்தது. இனிமேல் அடிப்பகுதியைக் கீழே இழுக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள்.

தகட்டுக்குப் பதில் குழி முழுவதும் நிரம்பும் ஆப்பு ஒன்றைச் செய்யலாமே? 0.5 மி.மீ. உயரம் 70 மி.மீ. நீளத்தில் படிப்படியாகச் சுழியமாவது என்றால் ஏறத்தாழ 0.4 பாகைச் சாய்வு. கையால் இதைச் சீவுவது பெரும்பாடு. உங்கள் ரௌட்டருக்கு ஐந்து நிமிட வேலை. அந்த இயந்திரம் உண்மையில் எதற்குப் பயன்படுமோ அதற்குப் பயன்படுத்துங்கள்.

ஆறுதந்தி

வழிமொழிகிறேன். மேப்பிளிலேயே செய்யுங்கள், ரப்பர், பிளாஸ்டிக் வேண்டாம். பூட்டிச் சுருதி சேர்த்து மூன்று நாள் விட்டுவிட்டு அளங்கள். எஞ்சும் சிறு மேடுகளை, தந்திகளுக்கு அடியில் நுழையும் ஒடுக்கமான சமன்கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, சுருதியில் வைத்தே தேய்த்து எடுங்கள்.

பிறகு ஃப்ரெட்டுகளின் தலையை மறவாமல் கிரௌனிங் அரத்தால் உருட்டுங்கள். தட்டையான தலையில் தந்தி அகலமாக உராய்ந்து ஒருவித ரீங்காரம் எழுப்பும். தம்புராவின் குதிரையில் ஜீவாளி நூலைச் செருகி நாம் விரும்பி வரவழைக்கும் அதே விளைவு கிதாரில் குற்றமாகிவிடும்.

மரச்சீவல்

ஒரு வாரத்துக்குப் பின் எழுதுகிறேன். ஆப்பை வெட்டிப் பொருத்தினேன். மூன்று நாளுக்குப் பின் சுருதியில் எடுத்த அளவு 0.05 மி.மீ. அதன்பின் 14 முதல் 22 வரை மட்டும் தந்திக்கு அடியில் கையால் தேய்த்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நேர்விளிம்பின் கீழ் இப்போது ஃபீலர் கேஜின் 0.03 மி.மீ. தகடு நுழைய மறுக்கிறது. 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தி உயரம் முதல் தந்திக்கு 1.6, ஆறாம் தந்திக்கு 2.0 மி.மீ. ஒன்றரைச் சுரம்வரை இழுத்தாலும் ஒலி அடைக்கவில்லை.

ஒரே ஒரு குறை மிச்சம்: 19-ஆம் ஃப்ரெட்டின் முதல் தந்திப் பக்க முனையில் மட்டும் இலேசான கரகரப்பு. விரலால் அழுத்தினால் நின்றுவிடுகிறது.

கடைசல்

விரலுக்கு அடங்குகிறது என்றால் முனை பள்ளத்தை விட்டு எழும்பியிருக்கிறது. கட்டர் ஃப்ரெட்டின் ஓரத்தை விட்டு வெளியேறும் பக்கத்தில் உலோகத்தைத் தூக்கிவிடும். அடுத்த முறை இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி வெட்டுமாறு ஜி-கோடை (இயந்திரத்துக்கான கட்டளைகளை) எழுதுங்கள்.

ஆறுதந்தி

அதைத் தேய்க்காதீர்கள். நீர்போல் ஓடும் சயனோ பசையை முனையின் கீழ் ஒரு துளி விட்டு, 305 மி.மீ. ஆரத்தில் குடைந்த மரக்கட்டையால் அழுத்தி, கிளாம்ப் போட்டு இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். சுற்றியுள்ள ஈட்டி மரத்தில் பசை படாதிருக்க முன்னதாக இருபுறமும் மெழுகு தடவிக் கொள்ளுங்கள்.