புதுப்பிப்பு: நாயோடு ஊருக்குப் போக பழைய கார் வாங்கிவிட்டோம்

நாங்கள் நால்வரும் எங்கள் 30 கிலோ லாப்ரடார் பிரவுனியும் சென்னையிலிருந்து தென்காசி போய்வர, 6 லட்சத்துக்குள் எந்தப் பழைய கார் சரிப்படும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். மூன்று வரிசை சீட் உள்ள 2016 மாருதி எர்டிகா பெட்ரோல் கார், 5.4 லட்சத்துக்கு முடிந்தது. மூன்றாவது வரிசையை மடக்கினால் பிரவுனி காலை நீட்டிப் படுக்கலாம். நடு வரிசைக்குக் கூரையிலிருந்து வரும் ஏசி காற்று அவனுக்கும் கிடைக்கிறது. செடான் வேண்டாம் என்றவர்களுக்கு நன்றி, மூடிய டிக்கியில் நாயை ஏற்றவே முடியாது.

முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது. நீங்கள் சொன்னபடி சீட் பெல்ட்டை முழுசாக இழுத்தேன். கடைசி ஒரு அடியில் காய்ந்த சேற்றுக் கறை! ஸ்டெப்னி குழியிலும் வண்டல். வெள்ளத்தில் நின்ற வண்டி. விற்க வந்தவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேசாமல் திரும்பிவிட்டோம்.

போன வாரம்தான் முதல் பயணம். ரப்பர் பாய் மேல் பழைய ஜமுக்காளம் விரித்து, பிரவுனியின் மார்புப் பட்டையைப் பின் சீட் பெல்ட்டோடு கோத்துவிட்டோம். விக்கிரவாண்டி டோல்கேட் வரை எழுந்து எழுந்து பார்த்தான், அப்புறம் நல்ல தூக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் வைத்தோம். டயர் நான்கையும் மாற்ற வேண்டும், மிச்சம் பிடித்த பணம் அதற்குத்தான்.