நாள் பூரா ஒருத்தர் ஓடுறத உக்காந்து பாக்கறதுல என்ன இருக்கு?

ராயக்கோட்டையான்:
போன மாசம் மச்சான் கூட பெங்களூர் போயிருந்தேன், ஒரு கிரவுண்டுல 24 மணி நேர ஓட்டம், 400 மீட்டர் டிராக்லயே சுத்திக்கிட்டு இருக்கணும், யாரு அதிக தூரம் போறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, அவ்ளோதான். நான் ஓடல, மச்சானுக்கு தண்ணி, உப்பு போட்ட கஞ்சி, வாழப்பழம் எடுத்து நீட்டுற வேலை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சும்மா போன நோண்டிக்கிட்டு இருந்தேன். அப்பறம் ஒரு அம்மா, அம்பது வயசுக்கு மேல இருக்கும், டிராக்க விட்டு வெளிய வந்து எங்களுக்குப் பக்கத்து சேர்ல உக்காந்தாங்க. ஷூவ கழட்டுனா ரெண்டு பாதமும் ஊறி வெளுத்துப் போயி கெடக்கு. சத்தமே இல்லாம அழுதாங்க. கூட வந்த பையன் ஒன்னுமே பேசல. பத்து நிமிஷம் கழிச்சு அவங்களே குனிஞ்சு அதே ஷூவ மாட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போனாங்க.

அதுக்கப்பறம் விடியற வரைக்கும் நான் போன தொடல. வீட்டுக்கு வந்து ஆல்ப்ஸ் மலையில நடக்கற யூடிஎம்பி ஓட்டத்த யூடியூப்ல தேடித் தேடி பாக்கறேன், பிரான்ஸ்ல சாமோனிங்கற ஊர்ல கெளம்பி இத்தாலி, சுவிட்சர்லாந்து பக்கம் சுத்திட்டு அதே ஊருக்கு வரணும், 170 கிலோமீட்டருக்கு மேல, ஏத்தத்த மட்டும் கூட்டுனா கிட்டத்தட்ட 10,000 மீட்டர், 46 மணி நேரம் 30 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். கால் பலம் எல்லாருக்கும் ஒரு எடத்துல தீந்துருது, அதுக்கு மேல இழுத்துட்டு போறது மனசுதான்னு எனக்கு இப்ப உறுதியா தோணுது. வீட்ல கேக்கறாங்க, செக்கு மாடு சுத்தறத இப்படி முழிச்சு பாக்கறியேன்னு. உங்களுக்கு எப்படி தோணுது?

அரூர் வாத்தி:
தம்பி, அந்த அம்மா மேல எனக்கு மரியாத இருக்கு. ஆனா இந்த மனவலிமைங்கற வார்த்தைய இவங்களுக்கு மட்டும் எழுதி வெக்கறது எனக்கு ஒத்துக்கல. சித்தேரி மலையில இருந்து புளியும் சாமையும் தலையில வெச்சு எறங்கி வந்து வித்துட்டு அன்னைக்கே ஏறிப் போன ஜனங்க நம்ம ஊர்ல இருக்காங்க. வத்தல்மலைக்கு ஒழுங்கான ரோடு வர்றதுக்கு முன்னாடி புள்ளத்தாச்சிய கட்டில்ல, தூளியில போட்டு தூக்கிட்டு எறங்குனவங்களுக்கு எந்த ஊர்ல மெடல் குடுத்தாங்க? எங்கம்மா மல்லாட்டைக்கு களை எடுக்கப் போயிட்டு வந்து ராத்திரி களி கிண்டுவாங்க, மறுநாள் விடியக்காலம் மறுபடி காட்டுக்கு. அத யாரும் லைவ் போடல. வசதி இருக்கறவன் பத்தாயிரம் ரூவா ஷூ மாட்டிக்கிட்டு தானா போயி தேடிக்கற கஷ்டத்துக்கு மட்டும் நாம கை தட்டறோம்.

பாக்கறதுக்காவது ஏதாச்சும் இருக்கான்னா அதுவும் இல்ல. கபடின்னா ஒரு ரெய்டுல உயிர் போயி உயிர் வருது. இதுல ஒருத்தர் நடக்கறாரு, உக்காந்து சூப் குடிக்கறாரு, மறுபடி நடக்கறாரு.

ராயக்கோட்டையான்:
சார், நீங்க சொன்ன ஜனங்கள நான் கீழ வெக்கவே இல்ல. 1983ல ஆஸ்திரேலியாவுல சிட்னியில இருந்து மெல்போர்னுக்கு 875 கிலோமீட்டர் ஓட்டம், ஜெயிச்சது கிளிஃப் யங், 61 வயசு, உருளக்கெழங்கு போடற விவசாயி, காட்டுல ஆடு வெரட்டி பழகுன காலு. அஞ்சு நாள் 15 மணி நேரத்துல முடிச்சாரு, மத்தவங்க படுத்து தூங்குன நேரத்துல இவரு மெதுவா தேச்சு தேச்சு ஓடிக்கிட்டே இருந்தாரு. உங்க அம்மா மாதிரி ஒருத்தர்தான் அவரு.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு சார், அதத்தான் நான் சொல்ல வர்றேன். உங்க அம்மாவால நாளைக்கு காட்டுக்கு போகலன்னு சொல்ல முடியாது, அடுப்பு எரியணும். இந்த ஓட்டத்துல நிறுத்தறதுக்கு கதவு தொறந்தே கெடக்கு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் அதே சேரு கண்ணு முன்னாடி வருது, அதே போர்வை, அதே கஞ்சி. யாரும் திட்ட மாட்டாங்க, ஒரு பைசா நஷ்டம் இல்ல. 400 மீட்டருக்கு ஒரு தடவ வேணாம் வேணாம்னு சொல்லி தாண்டிப் போகணும். அது கஷ்டத்த தாங்கறது மட்டும் இல்ல, அது வேற ஒன்னு.

பென்னாகரம் சிஸ்டர்:
நான் நர்ஸ், அதனால எனக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் பயமா இருக்கு. மனசு சொன்னா ஒடம்பு கேக்கும்னு சொல்றது பாதி உண்மைதான். ரொம்ப நேரம் ஓடுனா தசை செதஞ்சு அந்தக் கழிவு ரத்தத்துல கலந்து கிட்னிய அடைக்கும், யூரின் டீ டிகாஷன் கலர்ல போகும். தண்ணி கம்மியானா ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா தாகத்துக்கு மேல தண்ணிய குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் எறங்கி மூளை வீங்கி செத்தவங்களும் உண்டு. ரெண்டு ராத்திரி தூங்கலன்னா இல்லாத ஆளு, இல்லாத நாய் எல்லாம் கண்ணுக்கு தெரியும். அந்த நெலமையில எடுக்கற முடிவ மனவலிமைன்னு எப்படி சொல்றது?

2021 மே மாசம் சீனாவுல கான்சு மாகாணத்துல 100 கிலோமீட்டர் மலை ஓட்டம், திடீர்னு குளிர் காத்தும் ஆலங்கட்டி மழையும் அடிச்சதுல 21 பேரு செத்துப்போனாங்க. நல்லா ஓடுறவங்க, முன்னாடி போனவங்கதான் அதுல நெறைய பேரு. ஆறு பேர ஒரு ஆடு மேய்க்கிறவரு தான் தங்குற குகைக்கு கூட்டிட்டுப் போயி நெருப்பு மூட்டி போர்வை போத்தி காப்பாத்துனாரு. குளிர் ஆரம்பிச்சப்பவே போதும்டா சாமின்னு திரும்பி எறங்குனவங்களும் இருந்தாங்க. எனக்கு அவங்கதான் தெளிவான மனசுக்காரங்க.

கூத்துப்பித்தன்:
வாத்தியாரே, நீங்க பாக்கறதுக்கு ஒன்னும் இல்லன்னு சொன்னதுக்கு மட்டும் பதில் சொல்றேன். நம்ம பக்கம் பாரதக் கூத்து வெச்சா பதினெட்டு நாளு ஆடறாங்க, அர்ஜுனன் தபசு அன்னைக்கு என்ன நடக்குது? ஒரு மனுஷன் அவ்ளோ ஒசர மரத்துல ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு பாடி ஏறுறாரு. என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும், மேல போவாரு, எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவாரு, கீழ புள்ள வரம் கேட்டு ஈரச்சேலையோட பொம்பளைங்க காத்துட்டு இருப்பாங்க. அப்பறம் எதுக்கு சுத்துப்பட்டு கிராமமே பாய எடுத்துட்டு வந்து உக்காருது? வேஷம் கட்டுன ஆளு பாதி மரத்துல நின்னு மூச்சு வாங்குவாரு பாருங்க, குரல் கம்மிப்போயி அடுத்த பாட்டு வருமா வராதான்னு ஒரு நிமிஷம் இழுக்கும், அப்ப எங்க பாட்டி மடியில இருந்த என்ன இறுக்கிப் புடிச்சாங்க, அந்தப் புடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. நேரம் ஆக ஆகத்தான் அந்த நிமிஷத்துக்கு மதிப்பு. ஒரு மணி நேரத்துல முடிச்சா அது வராது. முன்னாடி பத்து மணி நேரம் சும்மா உக்காந்ததுக்கும் சேத்துதான் அந்த நிமிஷம்.

கலிபோர்னியாவுல வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்னு 100 மைல் ஓட்டம், 30 மணி நேரம் கெடு. 2015ல கன்ஹில்ட் ஸ்வான்சன்னு 70 வயசு பாட்டி, கெடு முடிய ஆறு செகண்ட் இருக்கும்போது கோட்ட தாண்டுனாங்க. அதோட வீடியோவ பாருங்க வாத்தியாரே, அதே வயசுல உங்க வீட்ல யாராச்சும் இருந்தா இன்னும் நல்லா பாருங்க.

அரூர் வாத்தி:
கூத்து ஒரு கலை, அந்த ஆளு பாட்டு கத்துக்கிட்டு, வேஷம் கட்டி, கூலி வாங்கிட்டு ஏறுறாரு. அத இதோட சேக்கறது எனக்கு முழுசா ஏறல.

நான் ஏன் இவ்ளோ எதிர்க்கறேன்னு சொல்லிடறேன். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஸ்கூல்ல நான் இருந்தப்ப 5,000 மீட்டர் ஓட்டம், வெயில் நேரம், கடைசி ரெண்டு ரவுண்டுல ஒரு பையன் தள்ளாடறான், வேலிக்கு வெளிய நின்ன மொத்த கூட்டமும் விடாதடா விடாதடான்னு கத்துது. நானும் கத்துனேன். அவன் கோட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்தான், மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்தான். பொழச்சுக்கிட்டான், நல்லாதான் இருக்கான். ஆனா அன்னைக்கு அவன் நிறுத்தணும்னு நெனச்சிருந்தா கூட நாங்க நிறுத்த விட்டிருக்க மாட்டோம். பாக்கறவனோட ஆசை ஓடுறவனோட ஒடம்புல போயி ஏறுது. தொறந்திருக்கற கதவுன்னு தம்பி சொல்றீங்களே, அந்தக் கதவ கூட்டம் சேந்து மூடறத நான் கண்ணால பாத்தவன்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
நான் கேண்டீன்ல டீ பிரேக்ல பாக்கறது ஆளக் கூட இல்ல, மேப்ல நகர்ற புள்ளிய. ஜிபிஎஸ் போட்டிருப்பாங்க, ஆளாளுக்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளி ஒரே எடத்துல நாப்பது நிமிஷம் நின்னுருச்சுன்னா மெஷின்கிட்ட போயும் மனசு அங்கயேதான் இருக்கும், தூங்கறாரா, வாந்தியா, விட்டுட்டாரா. யாருன்னே தெரியாத ஆளு. அடுத்த பிரேக்ல வந்து பாத்தா புள்ளி நகந்திருக்கும், அப்ப ஒரு சந்தோஷம் வருது பாருங்க, அத எப்படி சொல்றதுன்னு தெரியல. இங்க நான் கத்துனாலும் அவருக்கு கேக்காது சார்.

ராயக்கோட்டையான்:
வாத்தி சார், அந்தப் பையன் கதைய படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒன்னும் எழுத முடியல. சின்னப் பசங்கள அப்படி வெரட்டறது தப்புதான், அதுல உங்க பக்கம்தான் நானும். சிஸ்டர் சொன்னதும் சரி, வலிய மறைக்கறது வலிமை இல்ல.

ஆனா மனசுன்னா பல்ல கடிக்கறதுன்னு நாம நெனைக்கறதே தப்போன்னு இப்ப தோணுது. மச்சான் கிட்ட கேட்டேன், ராத்திரி என்னடா நெனச்சன்னு. அடுத்த லைட் கம்பம் வரைக்கும், அப்பறம் கஞ்சி, அப்பறம் சாக்ஸ் மாத்தணும், அவ்ளோதான் நெனச்சேன், 24 மணி நேரத்த நெனச்சா அப்பவே உக்காந்திருப்பேன்னான். 2009ல சாமுவேலே மார்கோராங்கறவரும் அவரு கூட இருந்தவங்களும் ஒரு ஆராய்ச்சி பண்ணி எழுதுனாங்க, 90 நிமிஷம் மூளைக்கு வேல குடுத்து களைக்க வெச்சுட்டு சைக்கிள் மிதிக்க விட்டா சும்மா இருந்துட்டு மிதிச்சத விட சீக்கிரமே நிறுத்திட்டாங்க, இதயத் துடிப்புல அதுக்குத் தகுந்த காரணம் இல்ல, கஷ்டம்ங்கற நெனப்புதான் கூடிப்போச்சு. அப்ப அந்த நெனப்ப பாத்துக்கறதும் ஒரு வேலதான சார், களி கிண்ட கத்துக்கற மாதிரி கத்துக்கலாம்.

இன்னொன்னு, பேக்யார்ட் அல்ட்ரான்னு ஒரு வகை, மணிக்கு ஒரு தடவ 6.7 கிலோமீட்டர் ரவுண்டு, மணி அடிச்சா கோட்டுல நிக்கணும், கடைசி ஆளு மிஞ்சற வரைக்கும். 2023ல அமெரிக்காவுல ஹார்வி லூயிஸ் 108 ரவுண்டு போனாரு, அதாவது நாலரை நாளு. அவரும் ஸ்கூல் வாத்தியார்தான் சார். ரெண்டாவது வந்த இஹோர் வெரிஸ் 107 போகலன்னா இவரால 108 போகவே முடியாது, ஏன்னா எதிராளி நிறுத்துனா ஒரே ரவுண்டுல ஆட்டம் முடிஞ்சுரும். தோக்கப் போறவன் தாங்கற வரைக்கும்தான் ஜெயிக்கறவன் போக முடியும். இப்படி ஒரு வெளையாட்ட நான் வேற எங்கயும் பாக்கல.

பென்னாகரம் சிஸ்டர்:
மச்சான் ஓடுன எடத்துல டாக்டர் இருந்தாரா? எடை, யூரின் எல்லாம் பாத்தாங்களா? அடுத்த தடவ போனா மச்சான கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ பேரு, ஊரு கேளுங்க, பதில் தடுமாறுனா ஓட்டத்த நிறுத்தி உக்கார வெச்சுருங்க, கோவிச்சுக்குவாருன்னு பாக்காதீங்க.

அரூர் வாத்தி:
தம்பி, எனக்கு இன்னும் ஒத்துக்கல, ஆனா ரெண்டு நாளா ஒன்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. ஷூ மாட்டிட்டு எந்திரிச்ச அந்த அம்மா அப்பறம் என்ன ஆனாங்க?

ராயக்கோட்டையான்:
பதினோரு ரவுண்டு போனாங்க சார், நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். நாலரை மணி சுமாருக்கு டிராக்க விட்டு தானா வெளிய வந்து பையன்கிட்ட போதும்னாங்க, இன்னும் நேரம் பாக்கி இருந்துச்சு. யாரும் விடாதீங்கன்னு கத்தல. அவங்களே பாய சுருட்டி பையில வெச்சுட்டு, மச்சானுக்கு கஞ்சி ஆறிருச்சு தம்பி, சூடு பண்ணிக் குடுன்னு என்கிட்ட சொல்லிட்டு போனாங்க.